மூன்றாவது பின் எங்கே?

போன மாதம் பேரனுக்குப் பிறந்தநாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும் முதல் பிறந்தநாள் என்பதால் செலவு அவனுடையது. தாம்பரம் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காபி கடைக்கு என்னையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனான். கடையின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ஒரு கடையைப் பற்றி மட்டும் அல்ல.

உள்ளே நுழைந்ததுமே, "தாத்தா, நீங்க செய்யற விளக்கு மாதிரியே இருக்கு பாருங்க" என்றான். ஆமாம், இருந்தது. ஒவ்வொரு மேஜையிலும் அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் எல்போ, டீ எல்லாம் மாட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து ஒரு விளக்கு. உச்சியில் மூடி எதுவும் இல்லாமல் ஒரு மஞ்சள் கண்ணாடி பல்பு. சுவரில் அழகுக்காகப் பல்சக்கரங்கள். 'இண்டஸ்ட்ரியல் ஸ்டைல்' என்று இதற்குப் பெயராம். 36 வருடம் இண்டஸ்ட்ரியில் குப்பை கொட்டியவன் நான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மெனு அட்டை வந்தது. மேஜை நடுவில் விளக்கு எரிகிறது, ஆனால் அட்டையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. பல்பு கண்ணைக் குத்துகிறதே தவிர, காகிதத்தில் வெளிச்சம் விழவில்லை. கடைசியில் பேரன் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்ட, எரிகிற விளக்குக்குப் பக்கத்திலேயே டார்ச் வெளிச்சத்தில் மெனு படித்தோம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மின்சாரச் சாமானைப் பார்த்தாலும் கண் தானாக வயரைப் பிடித்துக்கொண்டு போய் பிளக்கில்தான் நிற்கும். அன்றும் போனது. முழுக்க முழுக்க இரும்பாலான விளக்கு. குழந்தைகள் கை வைக்கிற உயரம். பிளக்கில் இரண்டே பின்.

கல்லாவில் இருந்த பையனிடம் போய், "தம்பி, இரும்பு விளக்குக்கு எர்த் இல்லையேப்பா" என்றேன். நல்ல பையன்தான், மரியாதையாகவே சொன்னான்: "எல்.இ.டி.தான் சார். நாலு வாட். ஒண்ணும் ஆகாது."

அந்த 'ஒண்ணும் ஆகாது' என்ற இரண்டு வார்த்தைகளோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பையனோடு அல்ல. அதே வார்த்தைகளை நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். 1977ல் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பிரிவில் சேர்ந்து, 2013ல் அங்கேயே ஓய்வு பெற்றேன். பிறகு படப்பையில் வீடு. ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் நாளிதழை விளம்பரம் உட்பட வரி விடாமல் படித்தேன். ஏழாவது மாதம் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. வேலை செய்து பழகிய கை சும்மா இருக்காது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போனால் பெரிய பெரிய வாகனத் தொழிற்சாலைகள். கூடவே காயலான் கடைகள். ஒருநாள் அங்கே ஒரு பழைய பித்தளை கேட் வால்வைப் பார்த்தேன். என்ன வேலைப்பாடு! எடை போட்டு வாங்கி வந்து, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஒரு பைப்பில் மாட்டி, வால்வுச் சக்கரத்தைத் திருகினால் விளக்கு எரிகிற மாதிரி உள்ளே ஒரு ரோட்டரி சுவிட்ச் வைத்தேன். முதல் விளக்கு அதுதான். பிறகு பிரஷர் கேஜ், பழைய பைக் ஹெட்லைட், தையல் மெஷின் சக்கரம் என்று வரிசையாகச் செய்தேன். "ஒரு காலத்துல பேரீச்சம்பழத்துக்குப் போட்டதை எல்லாம் இப்போ காசு கொடுத்து வாங்கிட்டு வர்றீங்களே" என்று வீட்டில் கேலி. ஆனால் அந்த வால்வு விளக்கு கூடத்தில் எரிந்தபோது, வந்தவர்களுக்கெல்லாம் திருகிக் காட்டியது அவள்தான்.

இந்தப் பொழுதுபோக்கை நான் குறை சொல்ல மாட்டேன். பூகம்பமே வந்தாலும் டி.வி. முன்னால் இருந்து எழுந்திருக்காத என் வயதுக்காரர்கள் பலர் இதை எடுத்துக்கொண்டால் நல்லது என்றே சொல்வேன். பைப்பை அளந்து, ரம்பத்தால் அறுத்து, மரை போட்டு, திருகிப் பொருத்தும்போது மனசு ஒரு இடத்தில் நிற்கிறது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் மறந்துபோகிறது. பழைய பொருளில் விளக்கு செய்வது நமக்குப் புதிதும் அல்ல. இங்க் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, தகரக் குழாய் செருகி, திரி விட்டு, கிராமத்துத் தகர வேலைக்காரர் செய்து கொடுத்த சிமினி விளக்கில்தானே நம்மில் பாதிப் பேர் படித்தோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த சிமினியை என் அம்மா கூரைக்குப் பக்கத்தில் வைக்க விட மாட்டார். பாயின் ஓரம் வைக்க விட மாட்டார். அணைக்காமல் தூங்க விட மாட்டார். நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் பயமும் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் பெட்ரோமாக்ஸ் வந்தால் அதைத் தொட ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. 1984ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் அந்த மேன்டிலை வைத்து நம்மை எப்படிச் சிரிக்க வைத்தார்கள்! விஷயம் தெரியாதவன் விளக்கில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த நகைச்சுவையே. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல முடிகிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2017 ஜூன் மாதம் முடிச்சூரில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு நிற்கும் விளக்கு செய்து கொடுத்தேன். நான்கரை அடி உயரம், அடியில் கனமான பிளாஞ்ச், நடுவில் பித்தளை வால்வு. நான் செய்ததிலேயே அழகானது. அதற்குப் பழைய காலத்துத் துணி சுற்றிய, முறுக்கிய வயர் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தேடி வாங்கினேன். கிடைத்தது இரண்டு கோர்தான். அதற்கேற்றாற்போல் இரண்டு பின் பிளக். எர்த் இல்லையே என்று மனசில் ஒரு மூலையில் உறுத்தியது. வீட்டு விளக்குதானே, எல்.இ.டி.தானே, ஒண்ணும் ஆகாது என்று அந்த மூலையை நானே மூடினேன். தொழிற்சாலையில் 415 வோல்ட் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஏழு மாதம் விளக்கு ஒழுங்காக எரிந்தது. 2018 ஜனவரி, போகிக்கு முந்தின நாள். தங்கை வீட்டில் பொங்கலுக்குச் சுத்தம் செய்கிறார்கள். விளக்கின் பிளக்கைப் பிடுங்கி, விளக்கை நகர்த்தி, பெருக்கி, மறுபடி வைத்துப் பிளக்கைச் செருகினார்கள். சுவர் சுவிட்ச் போட்டிருந்தது. வால்வைத் திருகவில்லை, எனவே விளக்கு எரியவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தார். வெறுங்கால், ஈரத் தரை, ஈரக் கை. துடைத்துக்கொண்டே திரும்பியபோது புறங்கை பைப்பில் பட்டது.

தூக்கி எறிந்துவிட்டது. சுவரில் மோதி விழுந்தார். தங்கை போன் செய்தபோது அவள் குரல் நடுங்கியது: "அண்ணே, விளக்கு அணைஞ்சுதான் இருந்துது. அணைஞ்ச விளக்கு எப்படிண்ணே ஷாக் அடிக்கும்?"

நான் போய்ப் பார்த்தபோது அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். தோளில் வீக்கம். கை இரண்டு நாள் மரத்தே இருந்ததாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றார். ஷாக் அடித்தது அவருக்கு, ஆறுதல் எனக்கு. அன்று தலை குனிந்தவன், அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றும் குனிகிறேன்.

அணைந்த விளக்கு எப்படி அடித்தது? விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். பைப்பை ரம்பத்தால் அறுத்த இடத்தில் உள்விளிம்பில் பிசிறு இருந்தது. அரம் போட்டு அதை எடுக்காமல் விட்டிருந்தேன். வயர் உள்ளே நுழைகிற வாயில் ரப்பர் புஷ்ஷும் வைக்கவில்லை. விளக்கை நகர்த்த நகர்த்த அந்தப் பிசிறு துணியையும் ரப்பரையும் அறுத்து, உள்ளே இருந்த ஒரு கம்பி பைப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏழு மாதத்தில் எப்போது அறுந்ததோ, யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு.

இரண்டு பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம். அறுந்த கம்பி அதுவரை நியூட்ரல் பக்கம் இருந்தது. அதனால் ஒன்றும் தெரியவில்லை. அன்று சுத்தம் செய்துவிட்டுத் திருப்பிச் செருகினார்கள். நியூட்ரல் பேஸ் ஆகிவிட்டது. வால்வுக்குள் நான் வைத்த சுவிட்ச் இன்னொரு கம்பியில் இருந்தது. எனவே விளக்கு அணைந்திருந்தாலும் பைப் முழுக்க 230 வோல்ட். எம்.சி.பி. விழவில்லை. எர்த் இல்லாதபோது மின்சாரத்துக்குப் போக வழி இல்லை, பிறகு எம்.சி.பி. எப்படி விழும்? யாராவது ஒருவர் ஈரத் தரையில் நின்று வழி காட்டும்வரை அது காத்துக்கொண்டிருந்தது.

தங்கை வீட்டு பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருந்தது. மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் வீடு கட்டியபோதே எர்த் வயர் இழுத்து வைத்திருந்தார்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடியாகவும் இருக்கிறது? செருகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் அது போய்த் தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியாக வரவேண்டும் என்பதற்காக. மூன்று பின் பிளக்கைத் திருப்பிச் செருகவும் முடியாது. இவ்வளவு யோசித்து யாரோ செய்து வைத்ததை, துணி வயர் அழகாக இருக்கிறது என்பதற்காக நான் காலி விட்டேன்.

அந்த அம்மா பிழைத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல. புறங்கை பட்டது, அதனால் கை விலகியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் போர்மேன் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் உள்பக்கமாக மடங்கும், பிடித்ததை விடாது என்பார். உள்ளங்கையால் அந்த அம்மா பைப்பைப் பிடித்து நகர்த்தியிருந்தால்? நகர்த்துகிற விளக்கைப் பிடித்துத்தானே நகர்த்துவார்கள். இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

இனி அந்த 'நாலு வாட்' கணக்கு. இதைச் சொல்கிறவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பொறியியல் படித்தவர்களே சொல்கிறார்கள். நாலு வாட் என்பது பல்பு எடுத்துக்கொள்கிற அளவு, சுமார் 17 மில்லி ஆம்பியர். பைப் வழியாக உங்கள் உடம்புக்குள் வருகிற மின்சாரம் பல்பு வழியாக வருவதில்லை. நேராக வருகிறது. அதை அளப்பது பல்பு அல்ல, உங்கள் உடம்பின் தடை. ஈரக் கை, வெறுங்கால் என்றால் சுமார் 1,000 ஓம் என்று வையுங்கள். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த கை விடாது. வீடுகளில் உயிர் காக்க வைக்கிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிடும்படி செய்யப்பட்டது. நாலு வாட் விளக்கும் நாற்பது வாட் விளக்கும் தொடுகிறவனுக்கு ஒன்றுதான்.

இந்தப் பைப் விளக்குகள் 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயரை எங்கிருந்து எடுத்துக்கொண்டன என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் என்பவர் வாகன சஸ்பென்ஷன் வேலை செய்த பொறியாளர். ஸ்பிரிங்குகளை வைத்து, எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிற கை உள்ள விளக்கை 1932ல் உருவாக்கினார். அதுதான் ஆங்கிள்பாய்ஸ். வெளிச்சம் வேலையின் மேல் விழவேண்டும், அதற்காகத்தான் அந்தக் கை. பிரான்ஸில் லியோன் நகரத்து மெக்கானிக் ஜான்-லூயி டோமெக் 1950ல் தன் பட்டறைக்கு ஒரு விளக்கு செய்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே ஜீல்டே என்று அந்த விளக்குக்குப் பெயரானது. அதன் விசேஷம் என்ன தெரியுமா? மடங்குகிற மூட்டுகளில் வயரே கிடையாது. ஆடி ஆடி வயர் அறுந்துபோவது அந்த இடத்தில்தான் என்று பட்டறையில் வேலை செய்தவருக்குத் தெரியும். எனவே மூட்டுக்குள் தொடுமுனைகள் வழியாகவே மின்சாரம் போகும்படி செய்தார். நான் பைப் வாயில் ஒரு ரப்பர் புஷ் வைக்கச் சோம்பல்பட்டேன். அவர் மூட்டையே மாற்றி யோசித்தார். இன்று அவர்கள் விளக்குகளின் உருவத்தை உலகமே காப்பி அடிக்கிறது. அவர்கள் பட்ட கவலையை ஒருவரும் காப்பி அடிப்பதில்லை.

நம் ஊர்த் தொழிற்சாலைகளும் அப்படித்தான் இருந்தன. எங்கள் லேத்துகளில் வளையும் கழுத்துள்ள விளக்கு இருக்கும். அது டிரான்ஸ்பார்மர் வழியாக வருகிற 24 வோல்ட்டில் எரியும், ஏனென்றால் அங்கே எண்ணெய், தண்ணீர், இரும்புத்தூள், மனிதக் கை எல்லாம் ஒரே இடத்தில். தொட்டி, குழி, குழாய் மாதிரி அடைசலான இடங்களுக்குள் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 36ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கூரையில் தொங்கிய விளக்குகளுக்கு வெளியே பச்சை, உள்ளே வெள்ளை எனாமல் மூடி. அந்த வெள்ளை அழகுக்கு அல்ல, வெளிச்சத்தைக் கீழே தள்ளுவதற்கு. கண் மட்டத்தில் மூடி இல்லாத பல்பை எந்த போர்மேனும் தொங்க விட்டதில்லை.

ஆக, தொழிற்சாலை விளக்குக்கு இரண்டே இரண்டு சட்டம். ஒன்று, வேலையின் மேல் வெளிச்சம் விழவேண்டும். இரண்டு, தொடுகிறவன் சாகக்கூடாது. இன்று இந்த இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு 'இண்டஸ்ட்ரியல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது வேஷம். தொழிற்சாலையில் இந்த விளக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தால் சிவப்பு அட்டை கட்டி ஸ்டோருக்கு அனுப்பியிருப்போம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். நடைப்பயிற்சியில் தினமும் கேட்கிறேன்.

"கடையில் வாங்குகிற எத்தனையோ சாமானுக்கு இரண்டு பின்தானே?" உண்மை. செல்போன் சார்ஜரையும் முகச்சவர டிரிம்மரையும் எடுத்துப் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். கை படுகிற இடம் பிளாஸ்டிக், உள்ளே ஒரு காப்பு போனாலும் இன்னொன்று இருக்கும். நம் பைப் விளக்கில் கை படுகிற இடம் முழுக்க இரும்பு. அதற்குள் ஓடுவது ஒற்றைக் காப்பு வயர்.

"இத்தனை சட்டம் போட்டால் பொழுதுபோக்கில் என்ன சந்தோஷம்?" மூன்று கோர் வயருக்கும் இரண்டு கோர் வயருக்கும் மீட்டருக்கு ஒரு டீ, வடைக் காசுதான் வித்தியாசம். துணி சுற்றிய மூன்று கோர் வயரும் கிடைக்கத்தான் செய்கிறது. நான் அன்று தேடவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை கூடுவதால் சந்தோஷம் குறைந்துவிடும் என்றால், அந்தச் சந்தோஷம் விளக்கு செய்வதில் இல்லை, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதில் இருக்கிறது.

"நீங்க எலக்ட்ரீஷியன் சார், அதான் இவ்வளவு பயப்படுறீங்க." இதை அடிக்கடி சொல்பவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர். அவருக்கு என் பதில்: நான் எலக்ட்ரீஷியன், அதனால்தான் பயப்படாமல் இருந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியாது, எனவே கேட்டுக்கொண்டு செய்வீர்கள். எனக்குத் தெரியும், எனவே விட்டுவிட்டேன். யார் செய்ததால் பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது. என்ன செய்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

"மங்கலான வெளிச்சம்தான் சார் மனசுக்கு இதம்." இளைஞர்களுக்கு இருக்கலாம். நம் வயதில் கண்ணின் பாப்பா சுருங்கி, லென்ஸ் மஞ்சள் பாரித்துவிடுகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும் என்பார்கள். ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகிற கிழவனுக்கு இதமான விளக்கு எதற்கு? வாசற்படி தெரிகிற விளக்கு வேண்டும். தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போனால் இதமெல்லாம் போய்விடும்.

வாயால் சண்டை போட்டால் போதாது. எனவே, விளக்கு செய்கிற என் வயதுக்காரர்களுக்கும், அவர்களைப் பார்த்துச் செய்கிற பிள்ளைகளுக்கும் நான் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன்.

பைப்பை அறுத்ததும் உள்விளிம்பை அரம் போட்டு, விரலை விட்டுத் தடவினால் வழவழவென்று இருக்கும்வரை தேய்ப்பேன். வயர் நுழைகிற ஒவ்வொரு வாயிலும் ரப்பர் புஷ். வயரை இழுத்தால் உள்ளே இருக்கிற இணைப்பு இழுபடாதபடி ஒரு கிளாம்ப். மூன்று கோர் வயர்தான். எர்த் கம்பியில் லக் அழுத்தி, பெயின்டைச் சுரண்டிய இடத்தில் பைப்போடு நட்டு போல்ட் வைத்து முடுக்குவேன். மரையில் டெஃப்லான் டேப்போ பெயின்டோ இருந்தால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தொடர்பு இல்லாமல் போகலாம். எனவே பிளக்கின் எர்த் பின்னுக்கும் விளக்கின் ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஒரு துண்டு தொடர்பில்லாமல் இருந்தாலும் விளக்கு என் அறையைத் தாண்டாது. திருகு பல்பு ஹோல்டர் என்றால் வெளிச்சுற்று நியூட்ரலாகவும், சுவிட்ச் பேஸ் கம்பியிலும் இருக்கவேண்டும். மூன்று பின் பிளக் போட்டால்தான் அது மாறாமல் நிற்கும். பல்புக்கு மேல் உள்பக்கம் வெள்ளை அடித்த மூடி.

இதெல்லாம் முடியாதா? வேண்டாம். நல்ல தரமான 12 வோல்ட் அடாப்டர் வாங்கி, 12 வோல்ட் எல்.இ.டி. போட்டுச் செய்யுங்கள். எங்கள் லேத் விளக்கின் தம்பி அது. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குக் கொடுப்பது என்றால் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பிளக்கில் மூன்றாவது பின் இருந்தும் சுவருக்குப் பின்னால் எர்த் இல்லாத வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவது நம் அப்பா காலத்து வழக்கம், அதை விடாதீர்கள். எர்த் இருந்தாலும் குழி காய்ந்திருந்தால் எம்.சி.பி. விழுகிற அளவு மின்சாரம் பாயாமல் போகலாம். அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுதான்.

காபி கடைப் பையனிடம் அன்று ஒரு காகிதத்தில் இவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பேரனுக்குக் கொஞ்சம் சங்கடம். பிறந்தநாள் அதுவுமாகத் தாத்தா பாடம் எடுக்கிறாரே என்று. வரும் வழியில் அவனே கேட்டான்: "ஏன் தாத்தா இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்டீங்க?" அவனுக்கு முடிச்சூர் கதை தெரியாது. அன்றுதான் சொன்னேன். வண்டலூர் பாலம் தாண்டி வீடு வரும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், நான் அவனுக்கு 2016ல் செய்து கொடுத்த மேஜை விளக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். அதில் மூன்று பின் இருந்தது. நல்லவேளை. அதற்கு முந்தின வருடம் செய்தவை எல்லாவற்றையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி வயர் மாற்றியது வேறு கதை. மொத்தம் ஐந்து விளக்கு. இரண்டு பேர் "பரவாயில்லை சார், நல்லாத்தான் எரியுது" என்று தர மறுத்தார்கள். வாசலில் உட்கார்ந்துவிட்டேன், தந்தார்கள்.

முடிச்சூர் விளக்கு இப்போது என் அறையில் இருக்கிறது. வயர் மாற்றி, புஷ் வைத்து, எர்த் கொடுத்து, மூடி போட்டு எல்லாம் சரி செய்தேன். திருப்பிக் கொண்டுபோனபோது தங்கை மெதுவாகச் சொன்னாள்: "வேண்டாம்ணே, அந்தம்மா அதைப் பார்த்தாலே சுத்திக்கிட்டுப் போவாங்க." சரி என்று எடுத்து வந்துவிட்டேன். ஒரு விளக்கை ரிப்பேர் செய்யலாம். அதைக் கண்டு ஒருவர் சுற்றிக்கொண்டு போவதை ரிப்பேர் செய்ய எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இரும்பு, பித்தளை விளக்கு எது இருந்தாலும், வாங்கியதோ, செய்ததோ, யாராவது அன்பாகக் கொடுத்ததோ, முதலில் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பின்களை எண்ணுங்கள். இரண்டு என்றால், மறுபடி செருகாதீர்கள். கொடுத்தவர் வருத்தப்பட்டால் என்னிடம் அனுப்புங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.